குளிரில் வைத்த பெட்டி

எங்களுக்குள் சண்டை எப்போதும் லென்ஸில்தான் ஆரம்பிக்கும். ஹமூதுக்குப் பதினாறு மில்லிமீட்டர் பிடிக்கும், எனக்கு ஐம்பது. எண் சின்னதாக இருந்தால் அகலமாகத் தெரியும். பெரிதாக இருந்தால் கொஞ்சம் இடம்தான் தெரியும், ஆனால் நுணுக்கமாகத் தெரியும். ட்ரோன் வானத்தில் ஏறிவிட்டால் லென்ஸை மாற்ற முடியாது. அதனால் ஏறுவதற்கு முன்பே அடித்துக்கொண்டு முடித்துவிடுவோம். அவன் என் மாமா மகன். எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம்தான் ஆகிறது, சண்டைக்கு மட்டும் இருபது வருஷப் பழக்கம். ட்ரோனை அவன் ஓட்டுவான். கேமராவை இன்னொரு ரிமோட்டில் நான் திருப்புவேன்.

நாங்கள் ஒத்துப்போகிற ஒரே விஷயம், லென்ஸ் பெட்டியை ஏசிக்குள் வைக்கக் கூடாது என்பது. எங்கள் கடற்கரையில் கோடைக்காற்று ஈரத்துணி மாதிரி முகத்தில் ஒட்டும். குளிர்ந்த கண்ணாடியை அதில் நீட்டினால் அந்த நொடியே ஆவி படிந்துவிடும். துடைத்தால் மறுபடி படியும். கண்ணாடி தானாகச் சூடாகும்வரை அரை மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அதனால் எங்கள் பெட்டி எப்போதும் காருக்கு அடியில், நிழலில், சாக்கு போர்த்திக் கிடக்கும்.

அந்த ஜூலையில் பர் அல் ஹிக்மான் சேற்றுவெளியில் ஒன்பது நாளாகப் பறவை எண்ணிக்கொண்டிருந்தோம். நண்டு தின்னும் வெள்ளைக் கறுப்புப் பறவைகள் அங்கே தீவு மணலில் வளை தோண்டிக் குஞ்சு பொரிக்கும். எத்தனை வளை என்று சுற்றுச்சூழல் அலுவலகத்துக்குக் கணக்கு வேண்டும். எங்களுக்கு வழிகாட்டி கல்ஃபான் அண்ணன். அவரும் அவர் மனைவி ஸுவெய்னா அக்காவும் கோடை முழுக்கக் கரையில் பலகைக் குடிசை போட்டுத் தங்கி மீன் பிடிப்பவர்கள். சாப்பாடும் அவர்களிடம்தான். நாங்கள் கொண்டுபோன டப்பா உணவை அக்கா இரண்டாம் நாளே பிடுங்கி எங்கேயோ வைத்துவிட்டார். கடைசிவரை கண்ணில் காட்டவில்லை.

கல்ஃபான் அண்ணனுக்கு ட்ரோன் என்றாலே ஆகாது. கொஞ்சம் கீழே இறக்கினால் போதும், சேற்றில் நின்றபடியே உள்ளங்கையை மேலே காட்டி வானத்தைத் தள்ளுவார். மேலே, இன்னும் மேலே. திரும்பி வந்ததும் வசவு வேறு.

"யோவ் ஹமூத், அதுங்க குஞ்சு வெச்சிருக்குதுங்க. உன் வீட்டுத் தொட்டில் மேல ஒருத்தன் மிக்ஸிய ஓட்டுனா நீ சும்மா இருப்பியா?"

"எங்க வீட்ல இன்னும் தொட்டிலே வரலண்ணே."

"வராது. உன் சத்தத்துக்கு எதுவும் வராது."

பத்தாம் நாள் காலையில் அவர் தனியாகக் கிளம்பினார். நாலு கிலோமீட்டர் தள்ளி, சேற்றில் கம்பு நட்டு வலை கட்டியிருந்தார். கடல் இறங்கும்போது அதில் மீன் தங்கிவிடும். காற்று வலுத்து வலை பிய்வதற்குள் அவிழ்த்துக்கொண்டு வந்துவிடுகிறேன், நடுப்பகல் ளுஹர் தொழுகைக்கு இங்கே இருப்பேன், விருந்தாளிகளைக் காக்க வைக்காதே என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

ளுஹர் தொழுதாயிற்று. சோறும் சுறாக் குழம்பும் மூடி வைத்தபடியே இருந்தன. காற்று தென்மேற்கிலிருந்து அடித்தது, அதுவும் பலமாக. அந்தக் காற்றடித்தால் கடல் நேரத்துக்கு முன்பே ஏறிவிடும். அங்கே தண்ணீர் அலையடித்துக்கொண்டு வராது. முதலில் தரை பளபளக்கும். பிறகு கணுக்கால். பிறகு நீங்கள் நினைத்ததைவிடச் சீக்கிரம் இடுப்பு.

ஸுவெய்னா அக்கா போனை மூன்றாவது தடவை காதிலிருந்து எடுத்தார். "அடிக்கவே மாட்டேங்குது. நனஞ்சிருக்கு."

"வேற கரைல ஏறியிருப்பாருக்கா," என்றேன். எனக்கே அதில் நம்பிக்கை இல்லை.

"சாப்பாட்டுக்கு ஆள் உக்காந்திருக்கும்போது அவரு வேற கரைல ஏற மாட்டாரு. மாட்டிக்கிட்டாரு." அழாமல் சொன்னார்.

அக்காவின் கொழுந்தன் சுஹைலின் படகு கிழக்கே ஓடை வாயில் சேற்றில் அமர்ந்திருந்தது. தண்ணீர் வந்தால்தான் படகு மிதக்கும். தண்ணீர் வந்தால் கல்ஃபான் அண்ணன் மூழ்குவார். படகு மிதந்த பிறகு அந்தப் பரந்த வெளியில் அவரைத் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. எங்கே என்று தெரிந்து, நேராகப் போனால்தான் உண்டு. கண்டுபிடிக்க வேண்டியது நாங்கள்.

"ட்ரோன எடு," என்றேன்.

ஹமூத் அதற்குள் காரை நோக்கி ஓடியிருந்தான். காலையிலிருந்து காரின் எஞ்சினை ஓடவிட்டு, ஏசி போட்டு, அதற்குள் பேட்டரிகளைச் சார்ஜ் போட்டிருந்தான். சூட்டில் பேட்டரி சார்ஜ் ஏறாது. கூடவே தானும் வாயைப் பிளந்து தூங்கியிருந்தான். முழுதாக ஏறியது ஒரு ஜோடிதான். இன்னொன்று முப்பது சதவீதம்கூடத் தாண்டவில்லை. ஆக, ஒரே ஒரு தடவை பறக்கலாம். இருபது நிமிடம். போக ஐந்து, வர ஐந்து கழித்தால் தேடுவதற்குப் பத்து.

"பதினாறு மாட்டியே இருக்கு, அப்படியே தூக்கிடறேன்," என்றான்.

"வேணாம். அதுல அவரு தெரிய மாட்டாரு."

"மொத்த வெளியும் தெரியும் ரய்யா! ஆளு எங்கயோ நிப்பாருல்ல, புள்ளியா தெரிஞ்சா கீழ இறங்கிப் பாத்துக்கலாம்."

"எப்படி இறங்குவ? நாலு கிலோமீட்டர் தள்ளி கீழ இறங்குனா சிக்னல் போயிடும்னு நீதானே தினமும் சொல்ற. நூறு மீட்டருக்கு மேலதான் நிக்கணும். அங்கேர்ந்து பதினாறுல மனுஷன் ஒரு கொசு."

"நிக்கிற கொசுவ நான் கண்டுபிடிப்பேன்."

"நிக்க மாட்டாரு தம்பி," என்றார் ஸுவெய்னா அக்கா. நாங்கள் இருவரும் திரும்பினோம். "சேத்துல மாட்டுனா யாரும் நிக்க மாட்டாங்க. நின்னா உள்ள இழுக்கும். மல்லாந்து படுத்து கைய விரிச்சுக்குவாங்க. அப்படித்தான் படுத்திருப்பாரு."

படுத்திருக்கும் ஆளுக்கு நிழல் விழாது. உடம்பெல்லாம் சேறு பூசி, சேற்றின் நிறத்திலேயே கிடப்பார். ஹமூத் ட்ரோனிலிருந்து பதினாறைக் கழற்றினான். "அம்பத எடு," என்றான்.

காருக்கு அடியில் குனிந்தேன். சாக்கு மட்டும் கிடந்தது. பெட்டி இல்லை.

காருக்குள் தேடினேன். பின் இருக்கைக்குக் கீழே, ஏசிக் காற்று நேராக விழுகிற இடத்தில், ஆரஞ்சுப் பூப்போட்ட முக்காட்டுத் துணியால் பச்சைக் குழந்தை மாதிரி சுற்றி வைத்திருந்தது. அது ஸுவெய்னா அக்காவின் துணி. காலையில் அவர் என்னிடம், வெயில் கண்ணாடிக்கு ஆகாதே மகளே என்று கவலைப்பட்டது நினைவுக்கு வந்தது. நான் ஏதோ வேலையாக, பார்த்துக்கலாம் அக்கா என்று சொல்லிவிட்டுப் போயிருந்தேன். அவர் பார்த்துக்கொண்டார்.

பெட்டியைத் திறந்தேன். விரல்கள் சில்லிட்டன. மூன்று லென்ஸும் ஐஸ் கட்டி. ஐம்பதை வெளியே எடுத்த கணமே அது குருடாகிப் போனது.

"யாரு இத ஏசில வெச்சது?" ஹமூத் கத்தினான். "எந்த அறிவாளி வெச்சது?"

அக்கா நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். ஏசி என்ற சொல் காதில் விழுந்ததோ இல்லையோ, கண்ணைக் கடலிலிருந்து எடுக்கவில்லை. புருஷன் சேற்றில் கிடக்கிறார். இதையும் இந்த அம்மாள் தலையில் கட்ட எனக்கு மனம் வரவில்லை.

"நான்தான்," என்றேன்.

"நீயா?"

"தூசி அடிச்சுது. மறந்து வெச்சிட்டேன். இப்ப திட்டாத, அப்புறம் திட்டு."

அவன் என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் மறக்க முடியவில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது, அவன்மீது இல்லை, என்மீதும் இல்லை, யார்மீது என்றும் தெரியவில்லை. துணியோடு லென்ஸைக் காரின் பானட்மீது வைத்தேன். காலையிலிருந்து ஓடிய எஞ்சின். தகரம் கை வைக்க முடியாமல் கொதித்தது. துணியில் உருட்டி உருட்டிக் காய்ச்சினேன். இரண்டு நிமிடம். மூன்று நிமிடம். கண்ணாடி ஓரத்தில் கொஞ்சம் தெளிந்து திரும்பவும் வெளுத்தது.

"போதும், பதினாறே போகட்டும்," என்றான் ஹமூத். "ஓடை பளபளக்க ஆரம்பிச்சிருச்சு பாரு."

பார்த்தேன். காலையில் சாம்பல் நிறத்தில் இருந்த சேறு கண்ணாடித் தட்டாகியிருந்தது.

அப்போதுதான் தோன்றியது. "இதையே மாட்டிப் பறக்க விடு. போய்ச் சேர அஞ்சு நிமிஷம் ஆகும்ல? அத்தனை வேகத்துல சூடான காத்து மூஞ்சில அடிச்சா தெளிஞ்சிடும்."

"தெளியலன்னா?"

"தெளியும்."

"தெளியலன்னா ரய்யா? குருட்டுக் கண்ணாடிய அனுப்பிட்டுத் திரும்ப வரவெச்சு மறுபடி அனுப்ப பேட்டரி கிடையாது. ஒரு உசுரு!"

தெளியும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. பதினாறில் அவர் தெரியமாட்டார் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரியும். "மாட்டு," என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அவன் மாட்டினான்.

ட்ரோன் ஏறியது. என் திரையில் வெறும் பால். கீழே கரை இருக்கிறதா, கடல் இருக்கிறதா, ஒன்றும் இல்லை. ஹமூத் வரைபடத்தில் ஊரும் அம்புக்குறியை மட்டும் பார்த்து ஓட்டினான். அக்கா எனக்குப் பின்னால் வந்து நின்று, திரையில் நிழல் விழும்படி தன் அபாயா அங்கியை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார்.

"ஏன் மகளே வெள்ளையா இருக்கு?"

"இப்ப தெளிஞ்சிடும்க்கா."

ஒரு நிமிடம். பால். இரண்டு நிமிடம். பால். ஹமூத் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஏசில வெச்சாளாம், ஏசில," என்று தனக்குத்தானே முனகினான். மூன்றாவது நிமிடத்தின் முடிவில் திரையின் நடுவில் சல்லிக்காசு அளவுக்கு ஒரு சாம்பல் பொட்டு விழுந்தது. அது என் கண்ணின் கோளாறு என்று நினைத்தேன். பொட்டு உள்ளங்கை அளவு ஆனது. அதற்குள் ஒரு நண்டு வளை தெரிந்தது, அதன் வாயில் குவிந்த மண் உருண்டைகளோடு. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"தெரியுது," என்றேன். "தெரியுது ஹமூத்."

வலைக் கம்புகள் வந்தன. வலை இல்லை, அவிழ்த்திருந்தார். ஆளும் இல்லை. ஆனால் கம்புகளிலிருந்து கரைப்பக்கம் ஒரு காலடி வரிசை போனது. ஐம்பதில் ஒவ்வொரு குழியும் தனித்தனியாகத் தெரிந்தது. வலையை இழுத்துக்கொண்டு நடந்த தடமும் கூடவே ஓடியது. "வலப்பக்கம் ஓட்டு. மெதுவா. தடம் போற போக்குல போ."

தடம் ஓடைக்கரை வரை வந்து நின்றது. ஓடை முன்பே நிறைந்து, கடக்க முடியாமல் இருந்தது. அவர் வலையை அங்கேயே போட்டுவிட்டு, கடக்கிற இடம் தேடி மேற்கே திரும்பியிருக்கிறார். அந்தப் பக்கம் தண்ணீர் சேற்றை நக்கிக்கொண்டே வந்தது. நான் பார்க்கப் பார்க்கவே காலடிகள் ஒவ்வொன்றாக அழிந்தன. தண்ணீரோடு ஓட்டப் பந்தயம் போல ஆகிவிட்டது. "சீக்கிரம், சீக்கிரம்," என்றேன்.

குழிகள் ஆழமாயின. ஒன்று முழங்கால் ஆழம். பிறகு தடம் இல்லை. சுற்றிலும் மண்மேடுகள், நீள நீளமாக, எல்லாம் ஒரே நிறம்.

"இல்லையே," என்றான் ஹமூத்.

"இரு."

ஒரு மேட்டின் ஓரம் மற்றவற்றைப் போல உடையாமல் வழவழப்பாக இருந்தது. தண்ணீர் அதைச் சுற்றி மூன்று பக்கமும் ஏறியிருந்தது. "இதுக்கு மேல இறக்கு. சிக்னல் போனாலும் பரவாயில்ல, கொஞ்சம் இறக்கு."

எண்பது மீட்டர். அறுபது. படம் திக்கித் திக்கி வந்தது. மேடு அசையவில்லை. அக்காவின் மூச்சு என் கழுத்தில் பட்டது.

மேட்டிலிருந்து ஒரு கை கிளம்பியது. சேறு சொட்டச் சொட்ட, உள்ளங்கையை விரித்து, வானத்தைத் தள்ளியது. மேலே. இன்னும் மேலே.

ஸுவெய்னா அக்கா சிரித்தாரா அழுதாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "பாவி மனுஷா!" என்று கத்தினார். "சாகக் கிடக்கும்போதும் பறவைக்குப் பரிஞ்சுகிட்டுக் கிடக்குறியா!" அதே மூச்சில் சுஹைலுக்குப் போன் போட்டார். படகு மிதந்துவிட்டதாம். வானத்தில் சிவப்பு விளக்கு எங்கே நிற்கிறதோ அதற்குக் கீழே வா என்று சொன்னார்.

இனி ட்ரோன் அங்கேயே நின்றாக வேண்டும். அதுதான் அடையாளம். அது நகர்ந்தால் அந்தத் தட்டையான வெளியில் சேற்றோடு சேறாகக் கிடப்பவரைப் படகிலிருந்து யாரும் பார்க்க முடியாது.

ரிமோட் பீப் அடித்தது. பேட்டரி குறைந்தால் ட்ரோன் தானாகவே வீட்டுக்குத் திரும்பப் பார்க்கும். ஹமூத் பொத்தானை அழுத்தி அதைத் தடுத்தான். மறுபடி பீப். மறுபடி அழுத்தினான். இப்போது திரும்பினாலும் கரை வந்து சேராது என்கிற எல்லையையும் தாண்டிவிட்டோம். அந்த ட்ரோனுக்குத் தூசி துடைக்கக்கூட என்னை விடாத ஆள் அவன். மூன்றாவது தடவையும் அழுத்தினான்.

"படகு எங்க இருக்கு?" அக்கா கேட்டார்.

தெரியவில்லை. ஐம்பதில் அவர் முகம் தெரிந்தது, சுற்றிக் கொஞ்சம் தண்ணீர் தெரிந்தது, அவ்வளவுதான். படகு ஐம்பதடி தள்ளி வந்தாலும் எங்கள் படச்சட்டத்துக்குள் வராது.

"பதினாறு இருந்திருந்தா படகு தெரிஞ்சிருக்கும்," என்றான் ஹமூத், மெதுவாக.

"கேமராவத் திருப்பிப் பாக்கவா?" என்று கேட்டேன்.

"வேணாம்," என்றார் அக்கா. "அவர விட்டுக் கண்ண எடுக்காத."

எடுக்கவில்லை. தண்ணீர் அவர் காதை மூடியது. தாடியை மூடியது. மூக்கு மட்டும் மேலே. கை இன்னொரு தடவை எழுந்தது, இந்தத் தடவை எதையும் தள்ளவில்லை, சும்மா எழுந்து விழுந்தது. ஹமூத் ட்ரோனை முப்பது மீட்டர் தள்ளி நகர்த்தினான், விழுந்தால் அவர்மேல் விழக்கூடாது என்று. சட்டத்துக்குள் வெறும் தண்ணீர். பிறகு தண்ணீர் வேகமாகப் பெரிதானது. பிறகு கறுப்பு.

மூன்று பேரும் கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றோம். சுஹைல் போனை எடுக்கவில்லை. ஹமூத் கறுப்புத் திரையிலும் குச்சியைப் பிடித்த விரலை எடுக்காமல் இருந்தான். அக்கா அபாயாவை விரித்த கையைக் கீழே இறக்கவே இல்லை. நான் மனதுக்குள் அந்த மூன்று நிமிடத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். பானட்மேல் காய்ச்சிய மூன்று நிமிடம். அந்தத் தாமதத்தால் படகு பிந்திப் போயிருந்தால் யாரிடம் போய் என்ன சொல்வேன்? பிற்பகல் அஸர் தொழுகை நேரம் நெருங்கியது.

முதலில் எஞ்சின் சத்தம் கேட்டது. பிறகு படகு. அதில் சுஹைல் நின்றுகொண்டிருந்தான், அவன் காலடியில் சேற்று மூட்டை ஒன்று உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தது. உட்கார்ந்து! நான் மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

கரையில் இறக்கியதும் கல்ஃபான் அண்ணனுக்கு உடம்பு உதறியது, அந்த வெயிலிலும். குடிசைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்தோம். இருமல் நின்றதும் ஹமூதைப் பார்த்தார்.

"நீ ஏன்டா அவ்வளவு கீழ இறக்குன?"

"தப்புதான்ண்ணே."

"விழுந்துச்சே, அதப் பாத்துத்தான் சுஹைல் வந்தான். தண்ணி தெறிச்ச எடத்துக்கு." ஹமூதின் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஹமூத் என் பக்கம் திரும்பினான். பயம் போனதும் அவனுக்கு நாக்கு வந்துவிட்டது. "எல்லாம் இந்த மகாராணியால வந்ததுண்ணே. லென்ஸ ஏசில வெச்சு ஆவி புடிக்க வெச்சு..."

ஸுவெய்னா அக்கா கேட்கவில்லை. காரை நோக்கிப் போய், பானட்மேல் கிடந்த ஆரஞ்சுப் பூத்துணியை எடுத்து உதறிக்கொண்டு வந்தார். கணவரின் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டே, பத்து நாளில் முதல்முறையாகப் பெருமையாகப் பேசினார்.

"வெயில்ல கிடந்துச்சு பாவம் இவங்க கண்ணாடிப் பெட்டி. நான்தான் காலைல இந்தத் துணில சுத்திக் குளிர்ல வெச்சேன். நல்லவேளை வெச்சேன். இல்லன்னா உங்கள இவ்வளவு தெளிவாப் பாத்திருக்க முடியுமா?"

ஹமூதின் வாய் திறந்தபடியே நின்றது. துணியைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் தலையை மட்டும் அசைத்தேன், லேசாக, வேண்டாம் என்று.

"ஆமாக்கா," என்றான் அவன். "நீங்க வெச்சதாலதான்."

அக்கா சோற்றுத் தட்டை எடுத்து வந்தார். ஆறிப்போன சுறாக் குழம்பு. ஹமூத் தன் தட்டிலிருந்த பெரிய துண்டை எடுத்து என் தட்டில் வைத்தான். அதற்குப் பிறகு எத்தனையோ லென்ஸ் சண்டை வந்தது. ஏசியைப் பற்றி மட்டும் அவன் வாயைத் திறந்ததே இல்லை.